உடன்பாட்டுக்கும் கடன்சொல்லா?



இன்று தமிழர் நாவில் ஓயாது புரளும் அயற்சொல் எது? ‘ஓகே’ என்னும் ஈரெழுத்தே. கடைக்காரர் விலை சொன்னாலும் ஓகே. தந்தை பணித்தாலும் ஓகே. ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் கல்லாதார் வாயிலும் அதுவே விடை.

அதன் பிறப்பைக் கேளுங்கள். அமெரிக்க நாட்டுப் பாசுடன் நகரில், 1830களின் இறுதியில், சொற்களை வேண்டுமென்றே பிழைபட எழுதி, அப்பிழையின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிட்டு நகையாடுவது செய்தித்தாளார் சிலரின் வழக்கம். ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓல் கொரெக்ட்’ எனத் திரித்து, ‘ஓ, கே’ எனச் சுருக்கினர். ‘பாசுடன் மார்னிங் போசுட்டு’ இதழ் 1839 மார்ச்சு 23 அன்று அதனை வெளியிட்டது. 1840ஆம் ஆண்டுத் தேர்தலில், கிண்டர்கூக்கு என்னும் ஊரினரான குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரனை ‘ஓல்டு கிண்டர்கூக்கு’ என அவர் கட்சியார் அழைத்தமையால், அவ்வீரெழுத்தும் நாடெங்கும் பரவின. ஆலன் வாக்கர் ரீடு என்னும் மொழியறிஞர் 1963, 1964ஆம் ஆண்டுகளில் இவ்வரலாற்றைச் சான்று காட்டி நிறுவினார். ‘எல்லாம் சரி’ என்பதையே பிழையாக எழுதியதிற் பிறந்த சொல்லை, ‘சரி’ என்பதற்கு மாற்றாக நாம் ஏந்தித் திரிகின்றோம்!

அமெரிக்கர் விளையாட்டு அவர்க்கு உரியது. அதனோடு நமக்குப் பகையில்லை. நாம் இழப்பது யாது என்பதே வினா.

பவணந்தியார் நன்னூலில் விடையை எட்டாக வகுத்தார். அவற்றுள் ஒன்று ‘நேர்’. அஃதாவது, உடன்பட்டுக் கூறும் விடை. ‘வருவாயா?’ எனின், ‘வருவேன்’ என்பது நேர்விடை. அச்சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அதில் வினை உண்டு; காலம் உண்டு; ‘ஏன்’ என்னும் தன்மை ஒருமை ஈற்றில் ‘நான்’ என்னும் பொறுப்பும் உண்டு. ‘ஓகே’யிலோ வினையும் இல்லை, காலமும் இல்லை, செய்வோனும் இல்லை. நாளை வாராதவன், ‘வருவேன் என்று நான் சொல்லவில்லையே’ எனத் தப்பிக்கொள்ளலாம்.

உண்மையை ஏற்க ‘ஆம்’; பிறர் விருப்பத்துக்கு இடந்தர ‘ஆகட்டும்’; பாராட்டி ஏற்க ‘நன்று’ என, உடன்பாட்டின் ஒவ்வொரு நிலைக்கும் நம்மிடம் சொல் உண்டு. மணம்பேசும் வீட்டில் மகளைக் கேட்கின்றனர். ‘ஓகே’ என்கிறாள். அது விருப்பமா, அச்சத்தால் வந்த அடக்கமா? ‘விரும்புகிறேன்’ என்றால் ஐயமில்லை. ‘உங்கள் விருப்பம்’ என்றால், அறிவுள்ள தாய் மகளைத் தனியே அழைத்து மீண்டும் கேட்பாள். ஒரு பெண்ணின் வாழ்வே அவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளதன்றோ?

இளைஞர்களே! ‘செய்வாயா?’ எனின் ‘செய்வேன்’ என்று சொல்லுங்கள். இயலாதெனின் ‘இயலாது’ என்று நேர்நின்று கூறுங்கள். தமிழால் உடன்படுவோம், உடன்பட்டதைச் செய்து முடிப்போம்.

வெல்க தமிழ்!