கேமராவுக்கு முன் கேபிள்

2020 டிசம்பரில், கொரோனாவால் ரசிகர்கள் வழக்கம்போல் சபாவுக்கு வர முடியாமல் போனது. அப்போது சென்னை சபாக்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து ‘யுவர்ஸ் ட்ரூலி மார்கழி’ என்ற விழாவை இணையத்தில் நடத்தின. அப்படிக் கச்சேரியைப் படம் பிடித்து, எடிட் செய்து, உலகெங்கும் உள்ள ரசிகர்களிடம் சேர்ப்பது இன்று ஒரு தொழில். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் இந்தத் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் முதலில் கேமரா வாங்குகிறார்கள், பிறகு லென்ஸ். அறைக்குள் ஓடும் நெட்வொர்க் கேபிளைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். பணம் கரைவது அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். நான்கு கேமரா, இரண்டரை மணி நேரக் கச்சேரி. எடிட்டர்கள் பெரிதும் பயன்படுத்தும் புரோரெஸ் 422 ஹெச்.கியூ வடிவில், முழு எச்.டி.யில் எடுத்தால் சுமார் 830 கிகாபைட் சேரும். சாதாரண ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் அதைக் காப்பி செய்யவே இரண்டு மணி நேரம் ஆகும். பத்து கிகாபிட் என்றால் கால் மணி நேரத்துக்குள் முடியும்.

காப்பியோடு போகவில்லை. நான்கு கேமராக் காட்சிகளையும் ஒரே திரையில் ஓட்டிப் பார்க்க, விநாடிக்குச் சுமார் 736 மெகாபிட் வேண்டும். ஒரு கிகாபிட் கம்பியில் ஒரு எடிட்டருக்குத்தான் இடம். பக்கத்தில் இன்னொருவர் காட்சிகளைச் சேமித்திருக்கும் அதே சர்வரைத் தொட்டால் இருவருக்கும் படம் நின்று நின்று ஓடும். அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு, வாடகை உண்டு, மின்கட்டணமும் உண்டு.

அதற்காக எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. பத்து கிகாபிட் வேகத்தை ‘கேட் 6’ கேபிளே 55 மீட்டர் வரை தாங்கும். மயிலாப்பூரின் பழைய வீடொன்றில் இயங்கும் எடிட்டிங் அறைக்கு அந்த நீளம் போதும். சுவரில் ஏற்கெனவே ஓடும் கேபிள் நல்ல நிலையில் இருந்தால், சுவிட்சும் நெட்வொர்க் கார்டும் மட்டும் மாற்றினால் சரி. அதிலும் சர்வருக்கும் எடிட்டிங் கணினிகளுக்கும்தான் அந்த வேகம் தேவை. கணக்கு எழுதும் கணினி பழைய இணைப்பிலேயே இருக்கட்டும். ஒன்று முக்கியம்: சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்றே ஒன்று இருந்தால், பத்து கிகாபிட் போட்டும் முழுப் பயன் கிடைக்காது. பல டிஸ்க்குகளைச் சேர்த்த ரெய்டு அமைப்போ எஸ்.எஸ்.டி.யோ வேண்டும்.

நேரத்தை மிச்சப்படுத்தும் கருவியில் பணம் போடுவது இந்த நகரத்துக்குப் புதிய பாடமல்ல. 1986இல் சென்னையில் தொடங்கிய ரியல் இமேஜ் நிறுவனம் அவிட் என்ற கணினி எடிட்டிங் முறையை இங்கே கொண்டுவந்தது. 1994இல் வெளியான ‘மகாநதி’, அவிட்டில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படம். கருவி விலை அதிகம்தான். ஆனால் அது மிச்சப்படுத்திய நேரத்தின் மதிப்பு அதைவிட அதிகம் என்பதால்தான் திரையுலகம் முழுவதும் அந்த வழிக்கு வந்தது.

மார்கழியில் மட்டும் வேலை குவியும் சிறு குழுக்களுக்கு என் வேண்டுகோள் இது: தனித்தனியே ஆளுக்கொரு சர்வர் வாங்காதீர்கள். சபாக்கள் 2020இல் சேர்ந்ததுபோல் நீங்களும் இரண்டு மூன்று குழுவாகச் சேர்ந்து, நல்ல நெட்வொர்க் உள்ள ஒரே எடிட்டிங் அறையை அமையுங்கள். அடுத்த கேமராவுக்கு எடுத்துவைத்த பணத்தை முதலில் அதில் போடுங்கள்.