செக் இன்ஜின் லைட்: கோட் சொல்றது என்ன, சொல்லாதது என்ன?

நீங்க அனுப்புற வாய்ஸ் நோட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "ப்ரோ, மீட்டர்ல மஞ்சளா ஒரு இன்ஜின் படம் எரியுது. வண்டி நல்லாத்தான் ஓடுது. அப்படியே விட்டுடலாமா?"

விடவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். ஆனால் அந்த லைட்டைப் பார்த்து ஒரு பார்ட்டை மாத்தறதுக்கு முன்னாடி, அது உண்மையில் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கணும். நான் மெக்கானிக் இல்லை. படிச்சது இன்ஜினியரிங், பார்க்கிறது சாஃப்ட்வேர் வேலை. ஆனால் இந்த லைட்டுக்குப் பின்னாடி நடக்கிறது நாம ஆபீஸில் தினமும் பார்க்கிறதுதான். எர்ரர் வந்திருக்கு, லாக் இருக்கு, காரணம் மட்டும் தெரியலை.

முதலில் அடிப்படை. செக் இன்ஜின் லைட் மஞ்சள் நிறம். ஆயில் பிரஷர், இன்ஜின் சூடு, இதுக்கெல்லாம் வரும் சிவப்பு விளக்குகள் வேற. சிவப்பு எரிந்தால் ஓரம் கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணணும், அதில் பேச்சே இல்லை. மஞ்சள் இன்ஜின் படம் நிலையாக எரிந்தால் சீக்கிரம் கொண்டுபோய்க் காட்டணும். அதே படம் விட்டு விட்டு மின்னினால், சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்கா எரியாமல் சைலன்சர் பக்கம் போகுதுன்னு அர்த்தம். அது கேட்டலிடிக் கன்வெர்ட்டரை சூடாக்கிக் கெடுத்துடும். அப்படியே ஓட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.

இந்த லைட் வந்ததே முக்கியமா புகைக் கட்டுப்பாட்டுக்காகத்தான். அமெரிக்காவில் 1996 முதல் விற்கும் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமாச்சு. இந்தியாவில் பிஎஸ்4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி-1, 2013 ஏப்ரலில் ஓபிடி-2 வந்தது. உங்க கார் அதுக்கு அப்புறம் வந்ததுன்னா, டிரைவர் சீட் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே 16 பின் சாக்கெட் ஒண்ணு இருக்கும். கடைக்காரர் 'ஸ்கேனர் போட்டுப் பார்க்கிறோம்'னு சொல்றது அங்கேதான். நம்ம ஆட்கள் ஆன்லைனில் வாங்கும் சின்ன இஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டரும் அதே இடத்தில்தான் செருகணும். செருகினால் ஒரு எழுத்தும் நாலு இலக்கமும் சேர்ந்த கோட் வரும்.

இப்போ இன்னைக்கு கேஸுக்கு வருவோம். த்ராட்டில் சென்சார்.

பழைய வண்டிகளில் ஆக்சிலரேட்டரை மிதிச்சால் ஒரு கேபிள் இழுத்து, இன்ஜினுக்குள் காத்து போகும் வழியில் இருக்கும் வட்டத் தகட்டைத் திறக்கும். இப்போ வரும் பெரும்பாலான கார்களில் அந்தக் கேபிள் கிடையாது. நீங்க பெடலை மிதிக்கிறது ஒரு ரிக்வெஸ்ட், அவ்வளவுதான். இசியூ அதைப் படிச்சு, ஒரு சின்ன மோட்டாரை வச்சு அந்தத் தகட்டைத் திறக்குது. தகடு சொன்ன அளவுக்குத் திறந்திருக்கான்னு பார்த்துச் சொல்றதுதான் த்ராட்டில் பொசிஷன் சென்சார்.

யோசிச்சுப் பாருங்க. அந்த சென்சார் தப்பா ரிப்போர்ட் பண்ணினால்? தகடு மூடியிருக்குன்னு சென்சார் சொல்ல, உண்மையில் அது முழுசா திறந்திருந்தால்? சிக்னலில் நிக்க வேண்டிய வண்டி சீறிப் பாயும். அதனால்தான் ஒரே சென்சாரை நம்பாமல், த்ராட்டில் பாடிக்குள் ரெண்டு சென்சார் வைக்கிறாங்க. பெடலிலும் அதே மாதிரி ரெண்டு.

அதில் ஒரு அழகான டிசைன் இருக்கு. பல கார்களில் ஒரு சென்சாரின் வோல்டேஜ் ஏறும்போது இன்னொண்ணு இறங்கும். தகடு மூடியிருக்கும்போது ஒண்ணு 0.7 வோல்ட்னா மற்றது 4.3. திறக்கத் திறக்க முதலாவது ஏறும், ரெண்டாவது இறங்கும். எந்த நிலையிலும் கூட்டினால் 5 வோல்ட் சுமாரா வரணும். வரலைன்னா யாரோ பொய் சொல்றாங்க. இன்னொரு விஷயம், நல்ல சென்சார் 0 வோல்ட்டையோ முழு 5 வோல்ட்டையோ காட்டவே காட்டாது. ரெண்டு முனையிலும் கொஞ்சம் இடம் விட்டிருப்பாங்க. அதனால் 0 வந்தால் அது தகட்டின் அளவு இல்லை. 'வயர் விட்டுப்போச்சு'ன்னு சொல்ற பாஷை.

சரி, ரெண்டும் ஒத்துப்போகலைன்னா இசியூ யாரை நம்பும்? நம்ம டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் ஆட்களுக்கு இது தெரியும். மூணு பேர் இருந்தால் மெஜாரிட்டி பார்க்கலாம். ரெண்டு பேரில் மெஜாரிட்டி கிடையாது. சண்டை நடக்குதுன்னு தெரியும், யார் பக்கம் நியாயம்னு தெரியாது. அதனால் இசியூ பாதுகாப்பான முடிவை எடுக்கும். மோட்டாருக்குப் போகும் கரண்டை நிறுத்திடும். உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங் தகட்டைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்த நிலையில் பிடிச்சுக்கும். வண்டி ஊர்ந்து போகும், வேகம் எடுக்காது. இதைத்தான் லிம்ப் மோட்னு சொல்றாங்க.

என் பெரியப்பா பையன் கால் டாக்சி ஓட்டுறார். கார் லோன் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அவருக்கு இது மதுரவாயல் பைபாஸில் நடந்தது. பின் சீட்டில் ஏர்போர்ட் போகும் குடும்பம், பின்னாடி கன்டெய்னர் லாரி. திடீர்னு பெடலை மிதிச்சாலும் வண்டி எழும்பலை, மஞ்சள் லைட் எரியுது. ஹசார்டு போட்டு ஓரம் கட்டியிருக்கார். இன்ஜினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடியிருக்கு. மூணு வாரத்தில் இது நாலாவது தடவை. முதல் மூணு தடவையும் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டு, கோடை அழிச்சு, 500 ரூபாய் வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. நாலாவது தடவை, "த்ராட்டில் சென்சார் போச்சு. அது தனியா வராது, முழு த்ராட்டில் பாடியும் மாத்தணும், 18,000 ஆகும்"னு சொல்லியிருக்காங்க.

அவர் எனக்கு போன் பண்ணினார். "தம்பி, 18,000 சொல்றாங்கடா. மாத்திட்டா சரியாயிடுமா?"

"அண்ணே, கோட் என்ன வந்துச்சு? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

ரெண்டு கோட் இருந்தது. பி2135, பி0222. முதலாவது, ரெண்டு சென்சாரின் வோல்டேஜும் ஒத்துப்போகலைன்னு சொல்லுது. ரெண்டாவதன் முழு அர்த்தம், 'த்ராட்டில் பொசிஷன் சென்சார் பி சர்க்யூட், வோல்டேஜ் குறைவு'. இதில் எல்லாரும் முழுங்கிடுற வார்த்தை 'சர்க்யூட்'. இசியூவுக்கு சென்சாரைப் பார்க்கிற கண் கிடையாது. தன்னோட பின்னுக்கு வந்து சேரும் வோல்டேஜ் மட்டும்தான் அதுக்குத் தெரியும். சென்சார் கெட்டிருக்கலாம். நடுவில் வயர் அறுந்திருக்கலாம், எலி கடிச்சிருக்கலாம். கப்ளரில் பின் லூஸா இருக்கலாம். எர்த் சரியில்லாமல் இருக்கலாம். இத்தனைக்கும் சேர்த்து ஒரே பேர், சர்க்யூட். அந்த ஒரு வார்த்தையை விட்டுட்டுப் படிச்சால் 18,000 ரூபாய்.

அடுத்து ஸ்கேனர் சொல்ல முடியாத ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணே, இது வந்த நாலு தடவையும் எங்க வந்துச்சுன்னு யோசிச்சுச் சொல்லுங்க. ஏசி போட்டிருந்தீங்களா, மழையா, மேடு பள்ளமா?"

கொஞ்ச நேரம் யோசிச்சார். "ஒரு தடவை ஸ்பீடு பிரேக்கர். ரெண்டு தடவை மேம்பாலத்து ஜாயின்ட்ல டொக்குனு ஏறுனப்ப. நாலாவது அந்த பைபாஸ் பள்ளம்."

நாலு தடவையும் அதிர்வு. உள்ளே தேய்ஞ்சுபோன சென்சார்னா, தகடு ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு வரும்போது தப்பு பண்ணும். ரோடு எப்படி இருக்குன்னு அதுக்குக் கவலை இல்லை. குலுக்கலில் மட்டும் விட்டுப்போகுதுன்னா முதல் சந்தேகம் வயரிங் மேலயும் கப்ளர் மேலயும்தான். கோட் அழிஞ்சுபோன மூணு தடவைக்கும் மிச்சம் இருந்த லாக் டிரைவரோட ஞாபகம் மட்டும்தான். கோடை அழிக்கும்போது அதோட சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் போயிடும். ஃப்ரீஸ் ஃப்ரேம்னா ஃபால்ட் வந்த நொடியில் ஸ்பீடு, ஆர்பிஎம், இன்ஜின் சூடு எல்லாம் எவ்வளவு இருந்ததுன்னு இசியூ எடுத்து வைக்கிற ஸ்னாப்ஷாட். அதைப் பார்க்காமல் அழிக்கிறது, லாகை டெலிட் பண்ணிட்டு டீபக் பண்ற மாதிரி.

அண்ணனை ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். ஏரியாவில் எல்லாரும் அவரை பாய்னுதான் கூப்பிடுவாங்க. நாங்க சொன்னதைக் கேட்டதும் அவர் ஸ்கேனரைத் தொடலை, மல்டிமீட்டரை எடுத்தார். அடுத்து அவர் செஞ்சதை வரிசையா சொல்றேன்.

முதலில் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுத்துக்கச் சொன்னார். சாவியை ஆஃப் பண்ணி, த்ராட்டில் பாடி கப்ளரைக் கழற்றினார். அதில் ஆறு பின். மோட்டாருக்கு ரெண்டு, 5 வோல்ட் சப்ளை ஒண்ணு, எர்த் ஒண்ணு, ரெண்டு சென்சாருக்கும் ஆளுக்கொரு சிக்னல். சாவியை ஆன் பண்ணி சப்ளை பார்த்தார், 5 வோல்ட் சரியா இருந்தது. எர்த்தும் சரி. அப்போ இசியூவும் மெயின் வயரும் ஓரளவுக்கு சந்தேகத்திலிருந்து தப்பிச்சாச்சு.

மறுபடி கப்ளரை மாட்டி, பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசியை வச்சு சிக்னல் வயர்களைத் தொட்டார். இன்ஜின் ஓடலை, சாவி மட்டும் ஆன். அண்ணன் பெடலை மெதுவா மிதிச்சார். ஒண்ணு ஏறுது, இன்னொண்ணு இறங்குது, நடுவில் எங்கேயும் தாவலை. கூட்டினால் 5. ரெண்டு சென்சாரும் உயிரோடதான் இருக்கு.

அதுக்கப்புறம்தான் பாய் கப்ளரைப் பிடிச்சு லேசா கீழ்ப்பக்கம் ஆட்டினார். ரெண்டாவது சிக்னல் பொத்துனு 0 ஆச்சு. மேலே தள்ளினால் திரும்ப வந்துடுச்சு. மீட்டரில் மஞ்சள் லைட்டும் எரிஞ்சிடுச்சு.

கழற்றிப் பார்த்தால், கப்ளரோட பிளாஸ்டிக் லாக் உடைஞ்சிருந்தது. இன்ஜின் சூட்டில் மொறுமொறுன்னு ஆன பிளாஸ்டிக். லாக் இல்லாமல் அது கொஞ்சம் கொஞ்சமா ஆடி, உள்ளே ஒரு பின் விரிஞ்சுபோயிருந்தது. ஜிபி ரோடில் வயரோட சேர்ந்த அதே கப்ளர் 650 ரூபாய்க்குக் கிடைச்சது. பாய் கூலி 600. ஆக மொத்தம் 1,250. பழைய கப்ளரை வெட்டி, ஒவ்வொரு வயரா கலர் பார்த்து ஜாயின்ட் போட்டு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மாட்டி, கோடை அழிச்சார். பிறகு அதே ஸ்பீடு பிரேக்கர், அதே மேம்பாலம். லைட் வரலை. வண்டி அடுத்த நாளே சவாரிக்குப் போயிடுச்சு.

18,000 கொடுத்து புது த்ராட்டில் பாடி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புது பார்ட்டில் அதே உடைஞ்ச கப்ளரைத்தான் மாட்டியிருப்பாங்க. மாட்டும்போது பின் கொஞ்சம் இறுகி, சில நாள் நல்லா ஓடியிருக்கும். அப்புறம் ஏதோ ஒரு பள்ளத்தில், பின்னாடி ஒரு லாரி வரும்போது மறுபடி வண்டி எழும்பாமல் போயிருக்கும். இதில் காசை விடப் பெரிய விஷயம் அதுதான்.

ஒர்க்‌ஷாப்காரர் ஏமாத்தினார்னு நான் சொல்ல வரலை. பார்ட் மாத்தினால் அதுக்கு பில் போடலாம். ஒரு மணி நேரம் வயரை ஆட்டி ஆட்டிப் பார்த்ததுக்கு யார் காசு கொடுக்கிறோம்? "சும்மா பார்த்ததுக்கு எதுக்குக் காசு"ன்னு கேட்கிறது நாமதான். கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி கொடுக்கலைன்னா, பார்ட் மாத்துற வேலைதான் நடக்கும்.

அதனால் உங்க வண்டியில் இந்த லைட் வந்தால் நாலு விஷயம் பண்ணுங்க. ஒண்ணு, கோடை அழிக்கும் முன்னாடி அதையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுங்க. ரெண்டு, எப்போ, எங்கே, எப்படிப்பட்ட ரோடில் வந்ததுன்னு போனில் குறிச்சு வைங்க. மூணு, பார்ட் மாத்தச் சொன்னால், "சப்ளை, எர்த், சிக்னல் மூணையும் மீட்டர் வச்சுப் பார்த்தீங்களாண்ணே?"ன்னு மரியாதையா கேளுங்க. பார்த்திருந்தால் அளவு சொல்லுவாங்க. நாலு, அந்தச் சோதனைக்குத் தனியா கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்க.

ரெண்டு எச்சரிக்கையும் சொல்லிடறேன். சாவி ஆனில் இருக்கும்போது த்ராட்டில் தகட்டுக்குள் விரலை விடாதீங்க. மோட்டார் படக்குனு மூடினால் விரல் மாட்டிக்கும். வாரண்டியில் இருக்கும் வண்டியில் நீங்களா வயரை வெட்டாதீங்க, குறிப்பெல்லாம் எடுத்துக்கிட்டு சர்வீஸ் சென்டருக்கே போங்க.

இன்னொண்ணு. லைட் தானா அணைஞ்சிடுச்சுன்னா சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. ஃபால்ட் இல்லாமல் தொடர்ந்து மூணு டிரைவ் சைக்கிள் ஓடினாலே இசியூ லைட்டை அணைச்சுடும். கோட் மட்டும் மெமரியில் இருக்கும். விட்டு விட்டு வரும் ஃபால்ட் அடுத்த பள்ளத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்.

அடுத்த எபிசோடில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி காட்டுற பர்சென்டேஜ் எப்படிக் கணக்கு போடுறாங்கன்னு பார்ப்போம். உங்க வண்டியில் வந்த கோட், கடைசியில் கிடைச்ச காரணம், ரெண்டையும் வாய்ஸ் நோட்டில் அனுப்புங்க. பத்திரமா ஓட்டுங்க.