வேர் காணும் யாத்திரை

(இரும்பையில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கோடையில் நம் சங்கத்துச் சிறார் பதினால்வரை இம்மாகாளேசுவரர் திருக்கோயிலுக்கு அழைத்து வந்தோம். திருஞானசம்பந்தர் பாடிய தலம் என்றோம், தலையசைத்தனர். தலப்பெருமையை விரித்தோம்; ஒரு சிறுவன் கொட்டாவி விட்டான். தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. பின்னர்க் கடுவெளிச் சித்தர் கதையைக் கூறினோம். ஆடுமகளின் கழன்ற சிலம்பை அவர் எடுத்து அணிவித்ததும், ஊரார் நகைத்ததும், அவர் நொந்து பாட இலிங்கம் பிளந்ததும், அதனைச் செப்புத் தகட்டாற் பிணைத்ததும் கேட்டவுடன், அச்சிறுவனே, "ஐயா, சிரித்தவர்கள் நம் ஊர்க்காரர்களா?" என்றான். ஆம் என்றோம். அன்று மாலை வரை அவன் எம் பக்கம் விட்டு அகலவில்லை.

யூத மக்கள் இதனை நன்கு உணர்ந்துள்ளனர். 1988இல் தொடங்கிய ஒரு நடைப்பயணத்தில், பல நாட்டு யூத மாணவர் போலந்து தேசத்தின் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து பிர்க்கெனாவ் வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடப்பர். நாஜிகள் அங்கே கொன்றோர் ஏறத்தாழ 11 லட்சம். அவருள் மிகப் பலர் யூதர். அதன் பின்னரே இசுரேல் நாட்டைக் காண்பர். பாட்டனார் மாண்ட மண்ணில் நிற்கும் பிள்ளைக்கு, 'அவர்' என்ற சொல் 'நாம்' என மாறுகின்றது. துயரையே அடித்தளமாக்கலாமோ என அவ்வினத்தாருள்ளேயே வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே.

நம் நிலை யாது? அயலகத் தமிழ் இளைஞரை இங்கு அழைத்துவரும் 'வேர்களைத் தேடி' என்னும் திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் அறிவித்தது, மகிழ்கின்றோம். ஆயினும் அருகிலுள்ள புதுச்சேரிக் கடற்கரைக்கு நம் பிள்ளைகளை எத்தனை முறை அழைத்துச் சென்றுள்ளோம்! பட்டாணிச் சுண்டல் வாங்கித் தந்தோமேயன்றி, அக்கடலைக் காட்டி ஒரு சொல் சொன்னோமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்கட்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் நாட்டார் கப்பலேறிய கரைகளுள் அதுவும் ஒன்று. குவாதலூப்பை முதற் கப்பல் அடைந்தது 1854 டிசம்பர் 24ஆம் நாள். பஞ்சமும் கடனும் மட்டுமோ அவர்களை அனுப்பின? ஊரில் உற்ற இழிவுமன்றோ! கடல் கடந்தானைக் குலத்தினின்று விலக்கியவர் யார்?

"பிள்ளைகளிடம் பெருமையை மட்டும் பேசுக" என்று நம் சங்கப் பெரியவர் ஒருவர் எம்மைக் கடிந்தார். அவரிடம் எமக்கு மதிப்புண்டு, உடன்பாடு இல்லை. சிரித்தவர் யார் என்று கேட்ட பிள்ளைக்கு வேறு எவ்வாறு விடை கூறுவது?

வரும் தையில் மீண்டும் புறப்படுகின்றோம். காலையில் இரும்பை, மாலையில் அக்கடற்கரை. கப்பலேறிப்போன உறவினரின் பெயரோ பழங்கடிதமோ வீட்டில் இருப்பின், பிள்ளைகள் கையிற் கொடுத்தனுப்புங்கள். கட்டுச்சோறும் வேண்டும்.