உங்கள் ஊருக்கு எத்தனை மதிப்பெண்?

(குறுவள மையக் கூட்டத்தில், கள்ளக்குறிச்சி மாவட்ட சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவுக்குப் பிறகு புவியியல் பேச அழைத்திருக்கிறீர்கள். கண் சொக்குகிறவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை; என் வகுப்பில் பழகிய காட்சிதான்.

2024 ஜூனில், பள்ளி திறந்த புதிதில், ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன். "வாழ்வதற்கு உங்கள் ஊர் எப்படி? மூன்று கட்டம் போடுங்கள். தட்பவெப்பம், வெளியில் விளையாடவும் உலாவவும் வசதி, பேரிடர் அபாயம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண்." அவ்வளவுதான். நகரங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் செய்தித்தாளில் வருகின்றன அல்லவா, அந்த நினைப்பில் கொடுத்தது.

என் வகுப்பில் பாதிப் பேர் கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் பக்கத்துப் பிள்ளைகள். விடுதியில் தங்கிப் படிக்கும் கல்வராயன் மலைப் பிள்ளைகளும் உண்டு. கீழ்நாட்டுப் பிள்ளைகள் தங்கள் ஊருக்கு வெயிலுக்காக நான்கும் மூன்றும் போட்டுவிட்டு, கேட்காமலேயே மலைக்குப் பத்துப் போட்டிருந்தார்கள். கணக்குப்படி தவறில்லை. 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்று நாம்தானே நடத்துகிறோம்! அடிவாரத்தைவிட 700 மீட்டர் மேலே இருக்கும் ஊரில் நாலரை டிகிரி குறைவு. மே மாதத்தில் அது பெரிய வித்தியாசம்.

வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து வரும் ஒரு மாணவி தன் ஊரின் தட்பவெப்பத்துக்கு நான்குதான் போட்டிருந்தாள். ஏனம்மா என்றேன். "குளிரு நல்லாத்தான் இருக்கும் சார். மழை வந்தா ஓடையில தண்ணி வரும். அப்புறம் வர முடியாது, போக முடியாது. அதையும் சேத்துத்தானே போடணும்?"

வெளியில் உலாவும் வசதிக்கும் அவள் மதிப்பெண் குறைவுதான். மேகம் அருவி, பெரியார் அருவி எல்லாம் இருக்கிறதே என்றேன். "அது வர்றவங்களுக்கு சார்" என்றாள்.

அந்த ஒரு வரி என்னை யோசிக்க வைத்தது. எக்கனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு ஆண்டுதோறும் 170க்கும் மேற்பட்ட உலக நகரங்களை வரிசைப்படுத்துகிறது. அதன் அளவுகோல்களில் ஒன்று, அந்தத் தட்பவெப்பம் பயணிகளுக்கு எவ்வளவு அசௌகரியம் தருகிறது என்பது! வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியர்களுக்கு எவ்வளவு சிரமப்படி கொடுக்கலாம் என்று நிறுவனங்கள் முடிவு செய்ய உதவிய பட்டியல் அது. வருகிறவர் கண்ணால் பார்ப்பதில் வியப்பில்லை. நம் ஒன்றிய அரசு 2018 இலும் 2020க்காகவும் வெளியிட்ட வாழ்வதற்கு எளிமைக் குறியீடு 111 நகரங்களைப் பற்றியது. சென்னை உண்டு, கோவை உண்டு, சேலம் உண்டு. கள்ளக்குறிச்சி இல்லை, மலைக் கிராமம் அந்தக் கணக்கிலேயே வராது. ஆக, நம் ஊருக்கு மதிப்பெண் போட நம் பிள்ளைகளை விட்டால் ஆளில்லை.

பேரிடர்க் கட்டத்துக்கு வருகிறேன். வேலை கொடுத்த சில நாட்களிலேயே கருணாபுரம் நடந்தது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே இருக்கிற பலர் வகுப்பில் அந்த வாரம் காலி இடங்கள் இருந்திருக்கும். ஒரு பையன் எழுந்து, "சார், சாராயத்த எந்தக் கட்டத்துல போடறது?" என்று கேட்டான். வகுப்பு அமைதியானது. "அது புவியியல் இல்லப்பா, உட்காரு" என்று சொல்லிவிட்டேன்.

இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது. அவன் கேட்டது சரியான கேள்வி. பேரிடர் மேலாண்மைப் பாடத்தில் என்ன நடத்துகிறோம்? இயற்கை நிகழ்வு மட்டும் பேரிடர் ஆகாது. அதன் வழியில் யார் இருக்கிறார்கள், தாங்கும் நிலையில் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்தே ஆபத்து அளக்கப்படும். மனிதனால் நேரும் பேரிடர் என்று தனித் தலைப்பே இருக்கிறது. போபாலை நடத்துகிற நான் கருணாபுரத்தை உட்கார வைத்துவிட்டேன். இன்னொன்றையும் கவனிக்கத் தவறினேன். அந்த நாட்களில் சாராயம் என்றால் மலை என்று பேச்சு எழுந்ததும், விடுதிப் பிள்ளைகளை மற்றவர்கள் பார்த்த பார்வை மாறியது. மலைப் பிள்ளைகள் இடைவேளையில் தனியாக நின்றார்கள்.

மறுவாரம் அந்தப் பையனைக் கூப்பிட்டு, உன் கேள்விக்கு நான்காவது கட்டம் போடுவோம் என்றேன். வகுப்பே சேர்ந்து அதற்குத் தலைப்பு வைத்தது: "ஆபத்து வந்தால் உதவி வர எவ்வளவு நேரம்?" மலை மாணவி தன் ஊருக்கு அதில் பூஜ்யம் போட்டாள். 1976 வரை ஜாகீர்தார்கள் வசம் இருந்த மலை அது. சாலையும் பள்ளியும் தாமதமாகவே ஏறின. 2024 இல் சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து அம்மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது. வேலை தேடிக் காப்பி, மிளகுத் தோட்டங்களுக்குக் குடும்பங்கள் இறங்கும்போது பிள்ளைகளும் கூடவே போய்விடுவதை மலைப் பள்ளி ஆசிரியர்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

டிசம்பரில் ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த புயல். பெரும் மழை கொட்டிய இடங்களில் ஒன்று உள்ளே வெகுதூரம் தள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை. ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அந்த நீர் சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர் வட்டாரம் என்ன பாடுபட்டது என்று பார்த்தோம். "எங்க ஊருல வெள்ளம் வராது" என்று ஒன்பது போட்டிருந்த ஆற்றங்கரைப் பையன் ஒருவன் தானே வந்து அதை இரண்டாகத் திருத்தினான்.

அதன் பிறகுதான் ஆற்று வடிநிலப் படம் வகுப்பில் உயிர் பெற்றது. உங்கள் ஊரில் எவ்வளவு மழை என்பதைவிட, உங்களுக்கு மேலே யார் ஊரில் எவ்வளவு மழை என்பது முக்கியம் என்று அதற்கு முன் எத்தனை முறை சொல்லியும் ஏறவில்லை. கோமுகி அணைக்கு நீர் தருவதும் கல்வராயன் மழைதான். மாணவியின் ஓடையை அடைக்கும் அதே நீர்தான் கீழே கரும்புக்கும் நெல்லுக்கும் பாய்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது அவள் சிரித்துக்கொண்டே, "அப்போ எங்களுக்கு மதிப்பெண் கூடப் போடுங்க சார்" என்றாள்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எண் வேண்டாம். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொல்லி, பயமான இடத்தில் சிவப்பு, பிடித்த இடத்தில் பச்சை வைக்கச் சொன்னால் போதும். பெரிய பிள்ளைகள் எண் போட்டால், யார் கண்ணால் போட்டாய், எந்த மாதத்தில் போட்டாய் என்ற இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். சராசரி மட்டும் எடுக்காதீர்கள். நான் முதலில் எடுத்தேன். மலையும் சமவெளியும் ஏறக்குறைய ஒரே எண்ணுக்கு வந்து நின்றன, அதிலிருந்து யாருக்கும் எதுவும் விளங்கவில்லை.

பிள்ளைகள் கண்டதில் செய்யக்கூடியது இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். நாங்கள் ஓடைப் பாலத்துக்கான மனுவை மாணவியின் ஊர்ப் பெற்றோர் கையெழுத்தோடு கொடுத்திருக்கிறோம். பாலம் இன்னும் வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பள்ளி அட்டவணை ஒன்றைக் கொண்டு வாருங்கள். மலைப் பள்ளிகளும் தென்பெண்ணைக் கரைப் பள்ளிகளும் மாற்றிக்கொண்டு படிக்கட்டும். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.