நாயோடு நாடு பார்த்தவர்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

'கல்வியின் சிறப்பு' பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்றார்கள். கல்வியின் சிறப்பை ஆண்டுதோறும் இதே மேடையில் கேட்டுக் கேட்டு உங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். ஆகவே தலைமையாசிரியரின் அனுமதியோடு, ஒரு மனிதரையும் அவருடைய நாயையும் பற்றிச் சொல்லப் போகிறேன். நாய்க்கும் கல்விக்கும் என்னய்யா சம்பந்தம் என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். சம்பந்தம் கடைசியில் வரும்.

அந்த மனிதரின் பெயர் ஜான் ஸ்டைன்பெக். 1902-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்துச் சலினாஸ் என்னும் ஊரில் பிறந்தவர். அது விவசாயப் பள்ளத்தாக்கு. அங்கே ஓடும் சலினாஸ் ஆறு ஒரு விசித்திரமான ஆறு. அதன் தண்ணீரில் ஒரு பகுதி மணலுக்கு அடியிலேயே ஓடும். கோடையில் மேலே பார்த்தால் வெறும் மணல்தான் தெரியும். அந்த வட்டாரத்துக் கூலியாட்களோடு சேர்ந்து இளம் வயதில் வேலை செய்தவர் ஸ்டைன்பெக். வறட்சியாலும் கடனாலும் நிலத்தை இழந்து, மூட்டை முடிச்சுகளோடு தோட்ட வேலை தேடி வந்த குடும்பங்களைப் பற்றி 1939-இல் ஒரு நாவல் எழுதினார். 'கோபத்தின் கனிகள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போவது என்றால் என்ன என்று நம் பாட்டன் பாட்டிகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் கடல் கடந்த அந்த மனிதர் எனக்குத் தூரத்து மனிதராகத் தெரியவில்லை.

1960-ஆம் ஆண்டு. அவருக்கு 58 வயது. பேரும் புகழும் வந்துவிட்டன. ஆனாலும் மனத்தில் ஒரு உறுத்தல். என் நாட்டைப் பற்றி எழுதுகிறேன், ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளாக அதைக் கண்ணால் பார்க்கவில்லையே, வெறும் ஞாபகத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேனே என்று நினைத்தார். உடனே ஒரு ஜி.எம்.சி. லோரி வாங்கினார். அதன் முதுகில் ஒரு சின்ன வீடு. படுக்க மெத்தை, சமைக்க அடுப்பு, குளிர்பெட்டி, கொசு வராத வலை போட்ட சன்னல், எல்லாம் உண்டு. நம் லயத்து வீட்டுச் சமையலறை அளவுகூட இருக்காது. அந்த வண்டிக்கு 'ரோசினாந்தே' என்று பெயர் வைத்தார். ஸ்பானிய நாட்டுக் கதையில் வரும் டான் குயிக்ஸாட் என்ற கிழ வீரனுடைய குதிரையின் பெயர் அது.

துணைக்குச் சார்லி என்ற நாய். பூடில் வகை நாய், பிரான்ஸ் நாட்டில் பிறந்தது, பத்து வயது. நியூயார்க் மாநிலத்துச் சாக் ஹார்பரில் செப்டம்பரில் புறப்பட்டு, நாட்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஆண்டு முடிவதற்குள் வீடு திரும்பினார்கள். ஏறத்தாழ 10,000 மைல். அந்தப் பயணத்தை 'சார்லியுடன் பயணங்கள்' என்று 1962-இல் புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டில்தான் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

மாணவர்களே, அந்த வண்டியில் துணி எப்படித் துவைத்தார் தெரியுமா? மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியில் அழுக்குத் துணி, சவுக்காரத் தூள், வெந்நீர் எல்லாம் போட்டு, இழுபடும் கயிற்றில் வண்டிக்குள்ளே தொங்கவிட்டார். வண்டி குலுங்கக் குலுங்க வாளியும் குலுங்கியது. சாயங்காலம் பார்த்தால் துணி வெளுத்துவிட்டது! நம் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டியிருந்தால் அரை மணியில் வேலை முடிந்திருக்கும்.

சார்லிக்கும் ஒரு வேலை இருந்தது. வடகிழக்கு மூலையில் மேய்ன் என்ற மாநிலத்தில் உருளைக்கிழங்கு அறுவடைக் காலம். கனடாவிலிருந்து பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் எல்லை தாண்டி வந்து, கூடாரம் போட்டுத் தங்கி, கிழங்கு பொறுக்கினார்கள். அவர்களோடு பேச ஸ்டைன்பெக்குக்கு ஆசை. ஆனால் அயலார் கூடாரத்துக்குள் திடீரென்று எப்படி நுழைவது? நாயை அவிழ்த்துவிட்டார். அது அவர்களுடைய அடுப்புப் பக்கம் மெல்லப் போய் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இவர் போய், "என் நாய் உங்களுக்குத் தொந்தரவு கொடுத்ததா, மன்னிக்க வேண்டும்" என்று பேச்சை ஆரம்பித்தார். அன்று இரவு அந்தக் கூலிக் குடும்பத்தார் அவருடைய வண்டி வீட்டில் விருந்தாளிகள்! நம் லயத்திலும் இப்படித்தானே? பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலும், பக்கத்து வீட்டு நாயும் பிள்ளையும் சண்டையைத் தீர்த்து வைத்துவிடும்.

ஆற்றைப் பற்றி ஒரு செய்தி. வடக்கு டகோட்டா மாநிலத்தில் மிசௌரி ஆறு ஓடுகிறது. கிழக்குக் கரையில் பிஸ்மார்க், மேற்குக் கரையில் மேண்டன். கிழக்கே புல்லும் பசுமையும் கிழக்கு நாட்டு வாசனையும். பாலத்தைத் தாண்டியதும் மேற்கே வறண்ட பூமி, வேறு வாசனை. தேசப்படத்தை இங்கேதான் மடிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. புவியியல் பாடத்தில் ஆறு என்றால் ஒரு நீலக்கோடு. கரையில் நின்று பார்த்தவனுக்குத்தான் அது இரண்டு நிலங்களுக்கு நடுவே உள்ள வாசற்படி என்று தெரியும்.

யெல்லோஸ்டோன் காட்டில் கரடியைக் கண்டதும், எறும்புக்கும் தீங்கு நினைக்காத சார்லி வெறிபிடித்ததுபோல் குரைத்துத் தள்ளியது. வேறு வழியில்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டார். பிறகு அந்த நாய்க்கு நீர் பிரியாமல் நோய் கண்டது. டெக்ஸஸ் மாநிலத்து அமரில்லோ ஊரில் ஓர் இளம் மருத்துவர் பரிவோடு பார்த்துக் குணப்படுத்தினார். நாய்தானே என்று விட்டுப் போகவில்லை, அது தேறியதும் உடன் அழைத்துக்கொண்டு போனார். வாயில்லாப் பிராணியை வளர்க்கும் பிள்ளைகள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இப்போது பெற்றோர்கள் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். பயணத்தின் கடைசியில் அவர் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துக்குப் போனார். அங்கே வில்லியம் ஃபிரான்ட்ஸ் ஆரம்பப்பள்ளி என்று ஒரு பள்ளி. வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த பள்ளி. நீதிமன்றத் தீர்ப்பின்படி 1960 நவம்பர் 14-ஆம் நாள் ஒரு கறுப்பினச் சிறுமி அங்கே சேர்ந்தாள். ஆறு வயது. பெயர் ரூபி பிரிட்ஜஸ். நான்கு அரசாங்கக் காவலர்கள் சூழ்ந்து அழைத்துக்கொண்டு போனார்கள். வாசலில் ஒரு கூட்டம், அதில் தாய்மார்களே நின்று, அந்தக் குழந்தையைப் பார்த்துக் காதால் கேட்கக் கூசும் வார்த்தைகளைக் கத்தினார்கள். ஸ்டைன்பெக் வண்டியை வேறிடத்தில் நிறுத்தி, சார்லியை அதிலேயே விட்டுவிட்டு, அந்தக் கூட்டத்தில் நின்று கண்ணால் பார்த்தார். பெயர் சொல்லாமல் அந்தக் குழந்தையைத் தம் புத்தகத்தில் எழுதினார்.

ரூபியின் அப்பாவுக்கு அதனால் வேலை போயிற்று. வேறு மாநிலத்தில் குத்தகை நிலத்தில் உழைத்த தாத்தா பாட்டியை நிலத்தைவிட்டே அனுப்பினார்கள். மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை வகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை மட்டும் பாடம் நடத்த ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு முழுவதும் ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியை, ஒரே மாணவி. ரூபி ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. மழை தூறினால் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2010-இல், பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே வழியில் போய்ச் சோதித்துப் பார்த்தார். புத்தகத்தில் உள்ளது எல்லாம் நடந்ததல்ல என்று கண்டுபிடித்தார். தனியாக வண்டியில் தூங்கியதாக எழுதிய பல இரவுகளில் ஸ்டைன்பெக் விடுதியில் தங்கியிருக்கிறார். பல நாட்கள் அவர் மனைவியும் உடன் இருந்திருக்கிறார். சில உரையாடல்கள் கற்பனையாகவே இருக்க வேண்டும் என்றார். 2012-இல் வந்த பொன்விழாப் பதிப்பின் முன்னுரையிலும், இதை அப்படியே உண்மை வரலாறாகக் கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கை சேர்த்தார்கள். நோபல் பரிசு வாங்கினவருக்கே இந்த நிலை! ஆனால் அந்தப் பள்ளிக்கூட வாசல் பொய்யில்லை. அதற்குப் புகைப்படம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, வளர்ந்து பெரியவளாகித் தன் கதையைத் தானே ஊர் ஊராகச் சொன்ன ரூபியே இருக்கிறார். ஜோடித்தது சாயம் போனது, கண்ணால் கண்டது நின்றது.

சரி, சம்பந்தத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை கொடுத்தேன். 19 பேர் எழுதினார்கள். 11 பேர் கேமரன் மலைக்குப் போனார்கள், 5 பேர் லங்காவிக்கு, 2 பேர் பினாங்குக்கு. எல்லாக் கட்டுரையிலும் கதிரவன் பொற்கதிர்களைப் பரப்பினான், பேருந்து விரைந்தது, அனைவரும் களைப்போடும் களிப்போடும் வீடு திரும்பினர். இதில் பாதிப் பேர் பட்டணத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கட்டுரைப் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். தெரிந்தும் 30-க்குமேல் புள்ளி போட்டேன்.

மீதி ஒரு பையன். "நான் எங்கும் போகவில்லை. எங்கள் நாயோடு ஆற்றோரம் போனேன்" என்று ஆரம்பித்திருந்தான். தோட்டத்து வாய்க்கால் ஆற்றில் விழும் இடத்தில் மழைக்குப் பிறகு தண்ணீர் இரண்டு நிறமாக ஓடுவதை எழுதினான். உடும்பு இருக்கும் புதரை நாய் எப்படிச் சுற்றிக்கொண்டு போகிறது என்று எழுதினான். பாலத்தடியில் தூண்டில் போடும் மலாய்க்காரப் பெரியவர் கெளுத்தி மீன் ஒன்று கொடுத்ததையும் எழுதினான். எழுத்துப் பிழை நிறைய. 40-க்கு 17 போட்டு, 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியவன் நான்தான்.

ஸ்டைன்பெக் கதையைப் பிறகுதான் படித்தேன். மிசௌரி ஆற்றுப் பகுதி வந்தபோது அந்த இரண்டு நிறத் தண்ணீர் ஞாபகம் வந்தது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. மறுநாள் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த ஆற்றங்கரைக் கட்டுரையை இன்னொரு தரம் எழுதுறியா?" என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "அதே மாதிரி எழுதினா மறுபடியும் பதினேழுதானே சார்?" என்றான்.

அதற்கு நான் என்ன பதில் சொல்வது? பயிற்சிக் கல்லூரியில் புள்ளி போடக் கற்றுக்கொண்டேன், உண்மையை அடையாளம் காண அந்தப் பையன்தான் கற்றுக் கொடுத்தான். இன்றைய பரிசுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அது அவன் குற்றமல்ல.

ஆகவே இந்த மேடையில், எல்லோர் முன்னிலையிலும் ஒன்று சொல்கிறேன். வரும் ஆண்டு முதல் என் வகுப்பில் போகாத ஊருக்குச் சுற்றுலாக் கட்டுரை கிடையாது. 'நான் நடந்த வழி' என்பதே தலைப்பு. பிழை இருந்தால் திருத்தலாம், பார்க்காததை எப்படித் திருத்துவது?

பெற்றோர்களே, வண்டி வீடு வாங்கச் சொல்லவில்லை. கேமரன் மலைக்குக் கடன் வாங்கிப் போகவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளையோடு ஆற்றுப் பக்கமோ செம்பனைக் காட்டுப் பக்கமோ நடந்து போங்கள். தண்ணீரில் தனியே இறங்க விடாதீர்கள். வீடு வந்ததும், "என்னம்மா பார்த்தே, என்னய்யா பார்த்தே?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை பொறுமையாக இருங்கள். கட்டுரை அங்கேதான் பிறக்கிறது.

மாணவர்களே, நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு உங்களைவிட மூக்கு அதிகம்.

நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி, உன் பழைய கட்டுரை கிடைத்தால் கொண்டு வா. சிவப்பு மையில் எழுதியதை நானே அடித்துத் தருகிறேன்.