கோடையிலிருந்து கணக்கிடுவோம்
(குருவிகுளம் வட்டார ஊராட்சி உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பராமரிப்பின்றிப் பாழ்பட்டுக் கிடக்கும் பொதுத் தோட்டங்களை ஓராண்டுக்குள் சீர்ப்படுத்துவது எவ்வாறு என்பது குறித்துப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கின்றீர்கள். அதற்கு விடை காண, முதலில் உங்களை உதகமண்டலத்திற்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். வெயிலில் வெடிக்கும் நமது கரிசல் நிலத்திற்கும் அக்குளிர்மலைக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு.

கடல் மட்டத்திற்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது அந்த நகரம். அங்குள்ள அரசு தாவரவியல் பூங்காவை, சதுப்பும் காடுமாக இருந்த ஒரு மலைச்சரிவில் வில்லியம் கிரகாம் மெக்ஐவர் என்பவர் 1848-ஆம் ஆண்டு முதல் உருவாக்கினார். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் மலர்க்காட்சியைக் காண்போர் பூக்களின் அழகை மட்டுமே பார்க்கின்றனர். அப்பூக்களுக்காகப் பல மாதங்களுக்கு முன்பே விதைத்து, நாற்றுகளைக் காத்து வந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் அங்கே உறைபனி விழும். ஓர் இரவுப் பனியிலேயே இளஞ்செடி கருகிவிடும். ஆகவே தோட்டக்காரர்கள் மாலையிலேயே செடிகளை மூடி வைக்கின்றனர்; விடியற்காலையில் நீர் தெளித்துப் பனியைக் கரைக்கின்றனர். எதை நடுவது, எப்போது நடுவது என்பதையெல்லாம் அந்தப் பனியை வைத்தே முடிவு செய்கின்றனர். மலையில் ஆண்டுத் திட்டம் கொடிய மாதத்திலிருந்து தொடங்குகின்றது.

நமக்கு உறைபனி இல்லை. நமது கொடிய காலம் கோடை. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் பொழிந்துவிட்டு, நமக்குப் பெரும்பாலும் காற்றை மட்டுமே அனுப்புகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையே நமது வாழ்வு. ஆயினும் நாம் மழையைக் கண்டவுடன் மகிழ்ந்து நட்டுவிட்டு, கோடை வந்தபின் தண்ணீரைத் தேடுகின்றோம்.

எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் கூறுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊரில் நாங்கள் முன்னின்று, மழைக்காலத்தில் நூற்றுக்கணக்கான கன்றுகளை நடச் செய்தோம். பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு கன்றைத் தமதென்று ஏற்றுக்கொண்டனர். சித்திரையில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. மறு ஆண்டு அதே ஊருக்குச் சென்று குழி தோண்ட அழைத்தபோது ஒருவரும் வரவில்லை. கன்றுகள் பட்டுப்போனதைவிட, ஊராரின் நம்பிக்கை பட்டுப்போனதே பெரிய நஷ்டம் என்பதை அன்று உணர்ந்தோம்.

ஆகவே ஆண்டுக் கணக்கைக் கோடையிலேயே தொடங்குவோம். இதற்கு நமது கிராம சபைக் கூட்டங்களே நல்ல படிகளாக அமையும். தமிழ்நாட்டில் நான்காக இருந்த இக்கூட்டங்கள் 2022-ஆம் ஆண்டில் ஆறாக உயர்த்தப்பட்டன. ஒவ்வொரு கூட்டத்திலும் தோட்டத்திற்கு ஒரு வேலையை வைத்துக்கொள்வோம்.

மே 1: நீர் மிகவும் குறைந்துள்ள காலம் இது. கிணற்றில் இப்போது ஊறும் நீரை அளந்து பாருங்கள். அதுவே நமது மூலதனம். ஒரு கன்றுக்கு வாரம் இருமுறை, முறைக்கு 15 லிட்டர் பிடிக்கும் ஒரு குடம் எனக் கொண்டால், 100 கன்றுகளுக்கு வாரம் 3,000 லிட்டர் வேண்டும். அவ்வளவு நீர் இல்லையெனில் 50 கன்றுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நின்று வளரும் ஐம்பது, பட்டுப்போகும் ஐந்நூற்றினும் மேலானது. பழைய மரங்களையும் எண்ணிப் பாருங்கள். பட்டுவிட்டதாகத் தோன்றும் மரத்தின் பட்டையை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியலாம். அதற்கு இன்னும் உயிர் உண்டு. வேரூன்றிய வேம்பையும் புளியையும் காப்பது, புதிய கன்றை வளர்ப்பதைவிட எளிது.

ஆகஸ்ட் 15: இதற்குள் வேலி முடிந்திருக்க வேண்டும். வேலியில்லாத கன்று ஆட்டுக்குத் தீனி. சீமைக் கருவேலை வெட்டினால் மட்டும் போதாது. வேரோடு அகற்றாவிடில் மீண்டும் துளிர்க்கும். கன்றின் வகைக்கேற்ப ஒன்றரை அடி முதல் மூன்று அடி வரை ஆழமும் அகலமுமாகக் குழி எடுத்துச் சில வாரங்கள் வெயில் படவிடுங்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நல்ல வாக்கே. ஆயினும் மானாவாரிக் கரிசலில் ஆடியில் வீசுவது காற்றே. அப்போது நட்ட கன்று காய்ந்து சாய்ந்துவிடும். பொறுத்திருங்கள்.

அக்டோபர் 2: குழியில் மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் நிறைந்திருக்கட்டும். கரிசலாயின் மணலையும், செவலாயின் குளத்துக் கரம்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடும் நாளைப் பஞ்சாங்கத்தைக் கொண்டு குறிக்காமல், மண் நன்கு நனைந்த மழையைக் கொண்டு குறியுங்கள். வேம்பு, புங்கு, நெல்லி, சீத்தா, முருங்கை ஆகியவை வறட்சியைத் தாங்கும். எலுமிச்சையும் மல்லிகையும் கிணற்றுநீர் உறுதியாக உள்ள இடத்திற்கே உரியவை.

நவம்பர் 1: நட்டவற்றின் கணக்கைச் சபையில் படியுங்கள். கரிசல் நீரைப் பிடித்து வைக்கும் மண். தூரில் நீர் தேங்கினால் வேர் அழுகும். வடிகால் எடுத்து, தூரைச் சுற்றி மண் அணையுங்கள். பழைய மல்லிகைச் செடிகளை இம்மாத இறுதியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்தால், கோடையில் பூக்கும்.

ஜனவரி 26: மழை ஓய்ந்துவிட்டது, ஈரம் இன்னும் மண்ணில் உள்ளது. இதுவே தவறவிடக்கூடாத தருணம். மேல்மண்ணைக் கொத்திவிட்டு வெடிப்புகளை மூடுங்கள். பின்னர் சருகு, கடலைப் பொட்டு, சோளத்தட்டை ஆகியவற்றால் தூரைச் சுற்றி மூடாக்கு இடுங்கள். மலைத் தோட்டக்காரர் பனிக்கு அஞ்சிச் செடியை மூடுகின்றார்; நாம் வெயிலுக்கு அஞ்சி வேரை மூடுகின்றோம்.

மார்ச் 22: உலக தண்ணீர் நாள். எந்தத் தெருவார் எந்தக் கிழமை நீர் ஊற்றுவது என்ற முறையை இக்கூட்டத்தில் எழுதி, யாவரும் காணுமாறு ஒட்டுங்கள். குடம் சுமக்கும் பொறுப்பு பெண்களுக்கு மட்டுமே உரியதாக ஆகிவிடக்கூடாது. ஆண்களின் பெயர்களும் அப்பட்டியலில் இருக்கட்டும். கோடை முடியும்வரை புதிதாக ஒன்றும் நடவேண்டாம். நட்டதைக் காப்பதே வேலை.

மீண்டும் மே 1 வரும். அன்று உயிரோடு நிற்கும் கன்றுகளை ஊரார் முன்னிலையில் எண்ணுங்கள். நட்ட எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவதை விடுத்து, நின்ற எண்ணிக்கையைச் சொல்லி மகிழும் ஊராட்சியே தோட்டம் வளர்க்கும் ஊராட்சி. முதலாண்டில் 50 கன்றுகள் நின்றால், அடுத்த ஆண்டு குழி தோண்ட நாம் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. அவர்களே மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள்.