அக்கா, எனக்கு பதில் தெரியும்

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்லை, நான் மட்டும்தான். பின்னாடி ஃபேன் சத்தம் கேட்டா மன்னிச்சிடுங்க. மே மாசத்துல ஃபேனை ஆஃப் பண்ணிட்டு ரெக்கார்ட் பண்ற அளவுக்கு எனக்கு இந்தக் கலை மேல பக்தி கிடையாது.

இன்னைக்கு ஒரு தப்பைப் பத்திப் பேசணும். நான் பண்ண தப்பு.

ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கிற ஒரு அரசுப் பெண்கள் பள்ளிக்கு ரெண்டு வருஷமா சனிக்கிழமை மதியம் போயிட்டு இருக்கேன்னு உங்கள்ல சில பேருக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க. அஞ்சு பேர் ஒரு டீம். தங்களோட தெருவுல இருக்கிற ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து அதுக்கு ஒரு ஆப் செய்யணும். கோடிங் பெருசா தெரியவேண்டாம், எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர்ல கலர் கலரா இருக்கிற பிளாக்குகளை ஜிக்சா மாதிரி பொருத்தினா போதும். கடைசியில ஒரு டெமோ நாள், வெளியில இருந்து நடுவர்கள் வருவாங்க.

போன வருஷம் என் டீம் எடுத்தது தண்ணி லாரி. லாரி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. அதுக்காக வீட்டுல ஒருத்தர் பள்ளிக்கூடம் போகாம, வேலைக்குப் போகாம குடத்தோட காத்திருக்கணும். அந்த ‘ஒருத்தர்’ பெரும்பாலும் யாருன்னு நான் சொல்லவேண்டியதில்லை. அதனால இவங்க யோசிச்சது: லாரி தெருமுனையில திரும்புறதை முதல்ல பார்க்கிறவங்க ஒரு பட்டனை அமுக்கினா, தெருவுக்கே மெசேஜ் போகணும். அவ்வளவுதான். ரொம்ப நல்ல ஐடியா.

டெமோ அன்னைக்கு ஒரு நடுவர் கேட்டார்: “லாரி வராமலே யாராவது வந்துடுச்சுன்னு பொய்யா அமுக்கினா என்ன பண்ணுவீங்க?”

மைக் அந்த டீம்ல ஒரு பொண்ணு கையில இருந்தது. அவ ஒரு நொடி நின்னா. என்னைப் பார்த்தா. நான் எழுந்து பதில் சொல்லிட்டேன். ஃபோன் நம்பர் வெரிஃபிகேஷன், ஓ.டி.பி., யூசர் ரேட்டிங்னு அழகான இங்கிலீஷ்ல முழு ஆர்க்கிடெக்சரே சொன்னேன். நடுவர் தலையாட்டினார். கைதட்டல். எங்களுக்கு ரெண்டாவது பரிசு.

திரும்பி வரும்போது பஸ்ல அந்தப் பொண்ணு என் பக்கத்துல உட்கார்ந்திருந்தா. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியா பார்த்துட்டு சொன்னா: “அக்கா, எனக்கு பதில் தெரியும்க்கா. நீங்க சொல்லிட்டீங்க.”

என்ன பதில்னு கேட்டேன். “எங்க தெருவுல யார் அமுக்கினாங்கன்னு பேர் வந்தா போதும்க்கா. ஒருதடவ பொய் சொன்னா, அடுத்ததடவ வரிசையில அவங்க குடத்த வைக்கவிட மாட்டாங்க.”

ஓ.டி.பி.யை விட இது எவ்வளவு மேலான பதில்னு யோசிச்சுப் பாருங்க. அந்தத் தெருவுல வாழற ஒருத்தர்தான் அதைச் சொல்ல முடியும். அதைச் சொல்றதுக்காகத்தான் அந்த ப்ரோகிராமே இருக்கு. ‘பெண்பிள்ளைகளிடம் தலைமைப் பண்பை வளர்ப்பது’ன்னு பேனர்ல எழுதியிருந்தது. அந்த பேனருக்கு அடியில நின்னுதான் நான் அவ வாயை மூடினேன்.

சரி, இங்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

நான் திருச்சியில எட்டாவது படிக்கும்போது சாரணியர் இயக்கத்துல இருந்தேன். ஊதா ஸ்கார்ஃப், விசில், ரீஃப் நாட், இடது கையால கை குலுக்கறது எல்லாம். எங்க அணிக்கு தாமரைன்னு பேர். ஏழு பேர். நான் அணித் தலைவி. அப்படி என்ன தகுதின்னா, குரல் பெருசு, அவ்வளவுதான்.

முக்கொம்பு பக்கம் ஒரு மூணு நாள் முகாம். கூடாரம் அடிச்சா சுத்தி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டணும், மழைத் தண்ணி உள்ள வராம இருக்க. நாங்க வெட்டல. கை வலிக்குது, மேகமும் இல்லைன்னு நான்தான் முடிவு பண்ணேன். எங்க கைடு மிஸ் அதைப் பார்த்தாங்க. பார்த்ததை நானும் பார்த்தேன். ஒண்ணும் சொல்லல.

ராத்திரி பதினோரு மணிக்கு கொட்டித் தீர்த்தது. போர்வை, பை எல்லாம் நனைஞ்சுபோச்சு. ஒரு பொண்ணு அம்மா வேணும்னு அழறா. எனக்கும் அழுகை வருது, ஆனா ஆறு பேர் என் மூஞ்சியையே பார்க்கிறாங்க. எந்தப் பையை முதல்ல தூக்கறது, யாரை எந்தக் கூடாரத்துக்கு அனுப்பறது, யார்கிட்ட போய் இடம் கேக்கறது, எல்லாம் நான்தான் சொல்லணும். மிஸ் டார்ச்சோட பத்தடி தள்ளி நின்னாங்க. யாருக்காவது ஆபத்துன்னா ஓடி வந்திருப்பாங்க. ஆனா அந்த அரைமணி நேரம் வாயே திறக்கல. எனக்கு அன்னைக்கு அவங்க மேல அப்படி ஒரு கோபம்.

அந்த மிஸ் ஏன் அப்படி நின்னாங்கன்னு போன வருஷம் அந்த பஸ்லதான் எனக்குப் புரிஞ்சது.

அவங்க பண்ணது சொந்தக் கண்டுபிடிப்பு கிடையாது. 1907-ல பிரவுன்சீ தீவுல பேடன் பவல் நடத்தின முதல் முகாம்லயே இருபது பையன்களை நாலு அணியாப் பிரிச்சு, ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனையே தலைவனாப் போட்டார். ஆறிலிருந்து எட்டு பேர் வரைக்கும் ஒரு அணி, தலைவர் அதே வயசு, பெரியவங்க ஓரமா. இன்னைக்கு வரைக்கும் அந்த இயக்கத்தோட எஞ்சின் இதுதான்.

இதுல பெண்கள் எப்படி வந்தாங்கங்கிற கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது பசங்களுக்காக மட்டுமே ஆரம்பிச்ச இயக்கம். ஆனா பொண்ணுங்க பேரை முழுசா எழுதாம இனிஷியல் மட்டும் போட்டுப் பதிவு பண்ணிக்கிட்டாங்க. 1909-ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல பெரிய பேரணி. அங்க சில பொண்ணுங்க சாரணர் உடுப்போட வந்து நின்னு, நாங்களும் சாரணர்தான்னு சொன்னாங்க. 1910-ல பேடன் பவலோட தங்கை ஆக்னஸ் தலைமையில பெண்களுக்குத் தனி இயக்கம் தொடங்கினாங்க. அடுத்த வருஷமே, 1911-ல, ஜபல்பூருக்கு வந்துடுச்சு. தலைமைப் பண்பை வளர்க்கிறோம்னு யாரும் கூப்பிட்டு அவங்க வரல. அவங்களே வந்துட்டாங்க, பின்னாடிதான் அமைப்பு வந்தது.

இப்ப உங்கள்ல யாராவது “அப்ப எல்லாரையும் கேம்ப்புக்கு அனுப்பினா சரியாயிடுமா”ன்னு கேப்பீங்க. இல்லை. முதல்ல, என்னையே பாருங்க. அந்த மழை ராத்திரியைச் சமாளிச்ச நான், இன்னைக்கும் டிசைன் ரிவ்யூ மீட்டிங்ல மியூட்லதான் இருக்கேன். யாராவது என் ஐடியாவை வேற வார்த்தையில சொல்லிப் பேர் வாங்கின அப்புறம், சாட்ல தம்ஸ்-அப் போடற ஆள் நான். தைரியம் தடுப்பூசி மாதிரி ஒருதடவை போட்டா நிக்காது போல.

ரெண்டாவது, யாரால வரமுடியுதுங்கிற கேள்வி. என் டீம்ல லாஜிக் சூப்பரா வர்ற ஒரு பொண்ணு நாலு வாரம் வரலை. விசாரிச்சா, சனிக்கிழமை அம்மா வேலைக்குப் போறாங்க, தம்பியைப் பார்த்துக்க ஆள் இல்லை. நாங்க மதியம் ரெண்டு மணிக்கு, அவ வீட்டுல இருந்து ஒரு பஸ் தூரத்துல வச்சுட்டு, “ஆர்வம் இருந்தா வருவாங்க”ன்னு பேசிட்டு இருந்தோம். அப்புறம் தம்பியையும் கூட்டிட்டு வரச் சொன்னோம். அவன் வந்து முதல் நாளே என் லேப்டாப்ல ஜூஸ் கொட்டினான். அது வேற கதை.

இந்த விஷயத்துல எனக்குக் கண் திறந்த ஒரு ஆய்வு இருக்கு. உகாண்டாவுல பிராக் நிறுவனம் நடத்தின பெண்கள் கிளப்புகள் பத்தினது, 2020-ல வெளியானது. கிளப் அந்த ஊருக்குள்ளேயே இருக்கும், சாயங்கால நேரத்துல. நடத்தறதும் அதே பகுதியைச் சேர்ந்த ஒரு இளம்பெண். விளையாட்டு, தொழில் பயிற்சி, உடம்பைப் பத்தின விவரங்கள் எல்லாம் ஒரே இடத்துல. நாலு வருஷம் கழிச்சு, முன்னாடி இருந்த அளவோட ஒப்பிட்டா, சம்பாதிக்கிற வேலையில இருக்கிற பொண்ணுங்க 48 சதவீதம் கூடியிருந்தாங்க. சின்ன வயசுல கர்ப்பமாகறது மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிருந்தது. மேடையேறி மோட்டிவேஷனல் ஸ்பீச் கொடுத்து வந்த நம்பர் இல்லை இது. கையில ஒரு வேலை, போக ஒரு இடம், பக்கத்துல ஒரு அக்கா. அதுல வந்தது.

அந்த அக்கா யாருங்கிறதும் முக்கியம். மேற்கு வங்கத்துல 495 கிராமங்கள்ல எஸ்தர் டுஃப்ளோவும் மத்தவங்களும் பண்ண ஆய்வு, 2012-ல வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் பதவி ரெண்டு தடவை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்கள்ல, படிப்புல பையன்களுக்கும் பொண்ணுங்களுக்கும் இருந்த இடைவெளியே இல்லாம போயிருந்தது. பொண்ணுங்க வீட்டு வேலைக்குச் செலவு பண்ற நேரமும் குறைஞ்சிருந்தது. அந்தப் பிள்ளைங்களுக்குன்னு யாரும் தனியா கிளாஸ் எடுக்கல. அவங்க ஊர்ல ஒரு அம்மா நாற்காலியில உட்கார்ந்து முடிவெடுக்கிறதைப் பார்த்தாங்க. அவ்வளவுதான். நான் ஏ.சி. ஆபீஸ்ல இருந்து கேப் புக் பண்ணிப் போய் இறங்கறேன். அவங்களுக்கு நான் யார்? கொஞ்சம் தூரத்து உறவு மாதிரி. அதனால இந்த வருஷம், போன வருஷ டீம் பொண்ணுங்க ரெண்டு பேரை ஜூனியர் பசங்களுக்கு மென்டரா போட்டிருக்கோம். என்னை விட அவங்க பேச்சு எடுபடுது, கொஞ்சம் பொறாமையா இருக்கு.

இன்னும் சில விஷயம் மாத்தினோம். மென்டர் யாரும் பிள்ளைங்க கீபோர்டைத் தொடக்கூடாது. இது கேக்க சுலபம். ஒரு பிளாக் தப்பா மாட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியும்போது கையைக் கட்டிட்டு நிக்கிறது, கோடிங் தெரிஞ்சவங்களுக்கு ஒரு சித்திரவதை. டீம் லீடர் மூணு வாரத்துக்கு ஒருத்தர். இதுல ஒரு பொண்ணு, “அக்கா எனக்கு லீடர் வேணாம், நான் நோட்டு எழுதறேன்”னு சொன்னா. நான் வழக்கம்போல “இல்லம்மா, நீயும் பேசணும்”னு ஆரம்பிச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு டீமுக்குள்ள சண்டை. யார் எதைச் செய்றதா ஒத்துக்கிட்டாங்கன்னு. அவ நோட்டைத் திறந்து தேதியோட படிச்சா. சண்டை முடிஞ்சுது. அதுக்கப்புறம் நான் அவளை மைக் பக்கம் தள்ளறதில்லை.

போன சனிக்கிழமை இந்த வருஷ டெமோ. என்னை நானே கடைசி வரிசையில உட்கார வச்சுக்கிட்டேன். அரசு மருத்துவமனை டோக்கன் நேரத்தைச் சொல்ற ஒரு ஆப். நடுவர் கேட்டார்: “படிக்கத் தெரியாதவங்க இதை எப்படிப் பயன்படுத்துவாங்க?”

மைக் வச்சிருந்த பொண்ணு திரும்பி என்னைத்தான் பார்த்தா. நான் தரையைப் பார்த்தேன். மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். பத்துக்குள்ள வந்துடும்னு கணக்கு. பத்து தாண்டிடுச்சு. பன்னெண்டு. எனக்கு பதில் தெரியும், தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. பதினாலு.

“அது நாங்க யோசிக்கல சார்,” அவ சொன்னா. “எங்க பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்குப் போய் அவங்க கையில ஃபோனைக் குடுத்துப் பார்த்துட்டு, அடுத்த வாரம் சொல்றேன். நீங்க வருவீங்களா?”

நடுவர் கொஞ்சம் தடுமாறித்தான் போனார். வர்றேன்னு சொல்லியிருக்கார். பரிசு எதுவும் கிடைக்கல. வர்ற சனிக்கிழமை பாட்டியும் வர்றாங்களாம், என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.